டர்ட் பைக்கில் கம்பெனிக் குறையா? ஜாப் கார்டிலிருந்து நுகர்வோர் ஆணையம் வரை

வண்டி வாங்கி ஆறு வாரம். மதுரை மேலூர் பக்கம் தண்ணீர் வற்றிக் கிடந்த ஒரு கண்மாய்க்குள் காலையில் ஓட்டிவிட்டு வந்து, கழுவி நிறுத்தினேன். மறுநாள் பார்த்தால் இன்ஜினின் இடது பக்கக் கேஸில் (இன்ஜினின் அலுமினிய உறை) ஈரம். துடைத்தேன், அடுத்த நாளும் அதே இடத்தில் ஈரம். சர்வீஸ் சென்டரில் விட்டேன். ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது புகாரை எழுதித் தரும் சீட்டில், "ஆயில் லீக் செக்" என்று மூன்றே வார்த்தை எழுதினார்கள், பேக்கிங் மாற்றி அனுப்பினார்கள். நிற்கவில்லை. இரண்டாவது முறையும் அதே மூன்று வார்த்தை, அதே பேக்கிங். மூன்றாவது முறை போனபோது, "காட்டுல ஓட்டுறீங்க சார், கல்லு அடிச்சிருக்கும்" என்றார்கள். பழைய ஜாப் கார்டு இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். எந்த இடத்தில் கசிவு, எத்தனை கிலோமீட்டரில் வந்தது, என்ன மாற்றினார்கள், எதுவும் அதில் இல்லை. நியாயம் என் பக்கம் இருந்தது, ஆனால் அதைக் காட்டக் காகிதம் இல்லை.

கடைசியில் அந்தக் கேஸையே கம்பெனி செலவில் மாற்றிக் கொடுத்தார்கள். அலுமினிய வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளை. கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் தேவைப்படவில்லை, முகத்துக்குப் போடும் பவுடர் போதுமாக இருந்தது (கீழே சொல்கிறேன்). அலைந்தது நான்கு மாதம். ஜாப் கார்டில் எழுதாத குறை வண்டியில் இல்லாத குறை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது, அதனால் இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு காகிதத்தைச் சுற்றியே வரும்.

உங்கள் வண்டி எந்த ரகம்?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் வாரண்டியே இதை வைத்துத்தான் மாறுகிறது. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி, கவாசாகி கேஎல்எக்ஸ் 230, கேடிஎம் 390 எண்டியூரோ ஆர் போன்றவை நம்பர் பிளேட் போட்டு ரோட்டில் ஓட்டும் வண்டிகள். இவற்றுக்கு மற்ற பைக்குகளைப் போலவே இத்தனை வருடம் அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை என்று வாரண்டி உண்டு. கவாசாகி கேஎக்ஸ் 250, கேடிஎம் 450 எஸ்எக்ஸ்-எஃப் மாதிரியானவை பந்தயத்துக்கென்றே செய்தவை. ஆர்.சி. கிடையாது, பொது ரோட்டில் ஓட்டவும் கூடாது. பந்தய வண்டிகளுக்குப் பொதுவாக வாரண்டி மிகக் குறைவு, பல நேரம் இல்லவே இல்லை. பராமரிப்பும் கிலோமீட்டர் கணக்கில் இல்லை, இன்ஜின் ஓடிய மணிக்கணக்கில்.

பந்தய வண்டி வாங்குபவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே வாரண்டி நிபந்தனைகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆர்.சி. இல்லாததால் உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் பில்தான். அதில் சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் கட்டாயம் இருக்க வேண்டும். வாரண்டி இல்லை என்று சொல்லிவிட்டாலும் குறையுள்ள பொருளை விற்றதற்கான பொறுப்பு போய்விடாது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் பொருந்தும். ஆனால் வண்டியை வாடகைக்கு விடவோ பெரிய அளவில் வியாபாரத்துக்கோ வாங்கியிருந்தால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் நுகர்வோர் இல்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வைத்திருந்தால் விலக்கு உண்டு.

வண்டி எடுக்கும் நாள்

மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்துக் கிளம்பும் அவசரத்தில் இதை யாரும் செய்வதில்லை. அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பகல் வெளிச்சத்தில் வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள்: பிரேமின் வெல்டிங் ஒவ்வொன்றும், இன்ஜினின் இரண்டு பக்கமும், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்கள், ரிம், மீட்டரில் கிலோமீட்டர். பின்னால் "இது அடிபட்ட தழும்பு" என்று யாராவது சொன்னால் காட்ட வேண்டியது இந்த வீடியோவைத்தான். ஃபாரம் 21 என்ற விற்பனைச் சான்றில் வண்டி தயாரான மாதமும் வருடமும் இருக்கும், பாருங்கள். ரொம்ப நாள் கிடங்கில் நின்ற வண்டியானால் பேட்டரி, டயர், ரப்பர் பாகங்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வாரண்டிப் புத்தகத்தில் தேதி, சீல், கையெழுத்து மூன்றும் இருக்கட்டும். பேட்டரிக்கும் டயருக்கும் பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனியின் வாரண்டிதான், அவற்றின் வரிசை எண்ணையும் படம் எடுத்து வையுங்கள்.

குறையா, தேய்மானமா, நம் கைவேலையா?

இதில் மனசாட்சியோடு இருக்க வேண்டும். நாமே பள்ளத்தில் இறக்கி வளைத்த ரிம்முக்கு வாரண்டி கேட்டால், அடுத்து உண்மையான குறையோடு வருகிறவரையும் அவர்கள் நம்ப மாட்டார்கள். பிரேக் பேட், கிளட்ச் பிளேட், செயின், ஸ்பிராக்கெட், ஃபில்டர், பிளக், பல்பு இவையெல்லாம் தேய்மானப் பட்டியலில் வரும். மற்றதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆயில் கசிவு: இடம் சரியாகத் தெரியாவிட்டால் பேக்கிங் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பகுதியைப் பிரேக் கிளீனர் அடித்து எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடைத்துக் காயவிடுங்கள். முகப் பவுடரை மெல்லிசாகத் தூவுங்கள். இன்ஜினைச் சூடாகும் வரை ஓட விட்டு, அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். கசியும் இடத்தில் பவுடர் கறுத்துப் புள்ளியாகத் தெரியும். இரண்டு கேஸ் சேரும் கோட்டில் கறுத்தால் பேக்கிங் அல்லது போல்ட் முறுக்கம். கோட்டை விட்டு விலகி, அடிபட்ட தடமே இல்லாத வார்ப்பின் நடுவில் கறுத்தால் அது வார்ப்புக் குறை. என் வண்டியில் இரண்டு புள்ளி, மிளகு அளவில். அந்தப் படத்துக்குப் பிறகு கல் அடித்த கதையை யாரும் பேசவில்லை.

ஃபோர்க் ஆயில் சீல் நம் ஊர்ப் புழுதியில் கசிவது சகஜம். சீலின் உதட்டில் மண் சிக்கியிருந்தாலே கசியும். தூசுத் தடுப்பை இறக்கி, பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு மெல்லிய துண்டு வெட்டிச் சீலுக்குள் விட்டுச் சுற்றி எடுத்தால் பல நேரம் கசிவு நின்றுவிடும். நிற்காவிட்டால் குழாயின் குரோம் பூச்சைப் பாருங்கள். கல் கீறல் என்றால் நம் கணக்கு. புது வண்டியில் கீறலே இல்லாமல் பூச்சு பொரிந்து உரிந்திருந்தால் கம்பெனியின் கணக்கு.

வீல் கம்பிகள் முதல் சில நூறு கிலோமீட்டரில் தளர்வது இயல்பு, புதுக் கம்பி தன் இடத்தில் சரியாக உட்காரும் நேரம் அது. சின்ன ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இறுக்கமானது டிங் என்று ஒலிக்கும், தளர்ந்தது டொக் என்று செத்த சத்தம் தரும். இறுக்கிய பிறகும் அதே பக்கம், அதே நாலு கம்பி திரும்பத் திரும்பத் தளர்ந்தாலோ, வளைந்த இடத்தில் உடைந்தாலோ எழுதிக் கொடுங்கள்.

வயரிங்: ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பும்போது இன்ஜின் அணைகிறது, மீட்டர் செத்துப் பிழைக்கிறது என்றால் ஸ்டீயரிங் கழுத்துப் பக்கம் வயர் கட்டு இழுபடுகிறது அல்லது உரசுகிறது. பொருத்தும்போதே நடந்த தவறாக இருக்க வாய்ப்பு அதிகம், வீடியோவில் அப்படியே தெரியும், சுலபமாக ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அதே வயரை வெட்டி நீங்கள் ஃபாக் லைட் கொடுத்திருந்தால் கதை அதோடு முடிந்தது.

பேரிங்: முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் பள்ளத்தில் விழுவதுபோல நின்றால் கழுத்து பேரிங் போய்விட்டது. குறைந்த கிலோமீட்டரிலேயே துருவோடு கழன்றால் கிரீஸ் போதாமல் பொருத்தியிருக்கலாம், அல்லது வாட்டர் சர்வீஸ் கடையில் அந்த அழுத்தத் தண்ணீரை நேராக அதில் பீய்ச்சியிருக்கலாம். வீட்டிலேயே சாதா பைப்பில் கழுவுங்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது இதற்காகத்தான்.

கியர் நழுவுவது: இரண்டாவது கியரில் ஏற்றம் ஏறும்போது தானாக நியூட்ரலுக்கு வருகிறதா? விழுந்ததில் கியர் லிவர் வளைந்திருக்கிறதா, கிளட்ச் கேபிள் இறுக்கமா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் உள்ளே கியரில்தான் சிக்கல். ஓட்ட ஓட்ட நன்றாக இருந்த பல்லும் தேயும், "கோளாறு தெரிந்தும் ஓட்டினார்" என்று மறுக்க இடம் கிடைக்கும், அதனால் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் பிரேம், சப்பிரேம் (சீட்டைத் தாங்கும் பின்பக்கச் சட்டம்) விரிசல். வெல்டிங் ஓரத்தில் கோடாக ஓடுகிறதா, பக்கத்தில் நசுங்கலோ பெயின்ட் சிராய்ப்போ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நசுங்கல் இல்லாமல் வெல்டிங்கை ஒட்டியே விரிந்தால் உங்கள் கோரிக்கை வலுவானது. தெரிந்த பட்டறையில் கொண்டுபோய் வெல்டு அடித்துவிட்டால் ஆதாரம் அங்கேயே உருகிப் போகும். எந்தக் குறையானாலும் வெளி மெக்கானிக்கை வைத்து இன்ஜினைத் திறக்காதீர்கள்.

காற்று ஃபில்டர்: இன்ஜின் வாரண்டி அதிகம் மறுக்கப்படும் இடம்

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் கரிசல் புழுதி மாவு மாதிரி. ஃபில்டரைத் தாண்டி அது உள்ளே போனால் பிஸ்டனையும் சிலிண்டரையும் அரம் போல அராவிவிடும். அவர்கள் இன்ஜினைத் திறந்ததும் முதலில் பார்ப்பது இதைத்தான், மண் தடம் தெரிந்தால் "பராமரிப்பில்லை" என்று எழுதி முடித்துவிடுவார்கள், அதில் தப்பும் இல்லை. புழுதியில் ஓட்டிய ஒவ்வொரு முறைக்குப் பிறகும் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஃபில்டருக்கு உள்பக்கம், இன்ஜினுக்குப் போகும் வாயில் வெள்ளைத் துணியால் துடையுங்கள், துணி சுத்தமாக வர வேண்டும். ஃபோம் ஃபில்டர் என்றால் கழுவிக் காயவைத்து எண்ணெய் தடவ வேண்டும், எண்ணெய் இல்லாத ஃபோம் சல்லடைதான். ஒவ்வொரு முறையும் ஒரு படம், தேதியோடு. எனக்கு அது மொபைலில் தனி ஆல்பமாகவே இருக்கிறது.

தண்ணீர் புகுந்து வளைந்த கனெக்டிங் ராடு, சேறு அடைத்த ரேடியேட்டரால் வந்த சூடு, இரண்டும் கம்பெனிக் குறை இல்லை.

ஜாப் கார்டை எப்படி எழுத வைப்பது

சர்வீஸ் அட்வைசர் கம்ப்யூட்டரில் தட்டும்போது அவர் சுருக்கமாகத்தான் தட்டுவார், காலையில் அவருக்கு முன்னால் இருபது வண்டி நிற்கும். அதனால் நீங்களே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ஐந்து விஷயம் போதும்: என்ன நடக்கிறது, எப்போது (குளிர்ந்த இன்ஜினிலா, சூட்டிலா, எந்த கியரில்), முதலில் எத்தனை கிலோமீட்டரில் கவனித்தீர்கள், இதற்கு முன் எந்தெந்தத் தேதியில் இதே புகார் கொடுத்தீர்கள், என்ன கேட்கிறீர்கள். உதாரணமாக இப்படி:

"இன்ஜின் இடது பக்கக் கேஸில், ஆயில் டிரெயின் போல்ட்டுக்கு மேலே, வார்ப்பின் நடுவில் ஆயில் கசிகிறது. முதலில் 1,140 கி.மீ.யில் கவனித்தேன். இரண்டு முறை பேக்கிங் மாற்றியும் நிற்கவில்லை. அந்த இடத்தில் அடிபட்ட தடம் இல்லை. படங்கள் இணைத்துள்ளேன். வாரண்டியில் பரிசோதித்துக் காரணத்தை எழுத்தில் தரவும்."

அதை அப்படியே ஜாப் கார்டில் ஏற்றச் சொல்லுங்கள். இடமில்லை என்றால் உங்கள் தாளின் நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதி, சீல் வாங்குங்கள். அதுவும் முடியாது என்றால் அங்கேயே நின்று அந்தத் தாளைப் படம் எடுத்து, ஷோரூம் மின்னஞ்சலுக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கும் ஜாப் கார்டு எண்ணோடு அனுப்புங்கள். குரலை உயர்த்த வேண்டாம். "அண்ணே, எனக்கு உங்க மேல கோபம் இல்ல, கம்பெனிக்குப் போறதுக்கு எழுத்து வேணும்ல" என்று சொன்னால் பெரும்பாலும் அவர்களே உதவுவார்கள். வாரண்டி செலவு ஷோரூமின் பையிலிருந்து போவதில்லை, கம்பெனி ஒப்புக்கொள்ள நல்ல ஆதாரம் அவர்களுக்கும் வேண்டும்.

வண்டியை எடுக்கும்போது மூன்று விஷயம். "சரி செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், என்ன கண்டார்கள், எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்று வரி வேண்டும். குறை தெரியவில்லை என்று திருப்பிக் கொடுத்தால் அதையும் எழுதி வாங்குங்கள், அதே குறை திரும்ப வரும்போது அந்த வரியே உங்களுக்கு உதவும். பில் பூஜ்யம் ரூபாய் என்றாலும் பில் வேண்டும். பழைய பாகம் பெரும்பாலும் கம்பெனிக்குத் திரும்பப் போய்விடும், அது போவதற்குள் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுத்துவிட்டால்

வாயால் மறுப்பதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பந்தயத்தில் ஓட்டியது, மாற்றங்கள் செய்தது, சர்வீஸ் தவறியது, இந்த மூன்றில் ஒன்றைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள்.

சைலன்சர் மாற்றியிருக்கிறீர்கள், ஹேண்டில்பார் மாற்றியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வார்ப்பில் துளை விழுந்ததற்கும் ஹேண்டில்பாருக்கும் என்ன சம்பந்தம் என்று எழுத்தில் கேளுங்கள். ஆனால் ஈசியு மேப் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் அமைப்பு) மாற்றிய வண்டியில் பிஸ்டன் போனால் சம்பந்தம் இருக்கிறது, அங்கே சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அப்புறம், நீங்கள் போடும் ரீல்ஸ் எல்லாம் அவர்களுக்கும் தெரியும். தாவுகிற வீடியோவைப் போட்டுவிட்டு "ரோட்டில் மட்டும் ஓட்டினேன்" என்று எழுதினால் உண்மையான குறையும் சேர்ந்து விழும். காட்டில் ஓட்டத்தான் அந்த வண்டியை விற்றார்கள், விளம்பரத்திலும் அப்படித்தான் காட்டினார்கள், அதை நேராகவே சொல்லலாம். (அழகர்மலை, நாகமலைக் காட்டுக்குள்ளும், 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டியிலும் வண்டி விடாதீர்கள். இது வாரண்டி விஷயமே இல்லை, அந்த மலைகளுக்காகச் சொல்கிறேன்.)

அடுத்த படி, சர்வீஸ் மேனேஜரிடம், கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர் வரும் நாளைக் கேளுங்கள். அவர் முன்னால் வண்டி நின்றால் பாதிப் பிரச்சினை அன்றே முடியும். எனக்கு அப்படித்தான் முடிந்தது. முடியாவிட்டால் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கும் ஷோரூமுக்கும் ஒரே கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். வாங்கிய தேதி, சேஸிஸ் நம்பர், ஒவ்வொரு ஜாப் கார்டின் எண்ணும் தேதியும் வரிசையாக, வண்டி ஷோரூமில் நின்ற நாட்கள், உங்கள் கோரிக்கை, 15 நாள் கெடு. திட்டோ மிரட்டலோ ஒரு வரிகூட வேண்டாம், அந்தக் கடிதத்தை நாளை ஒரு நீதிபதி படிக்கலாம்.

கோரிக்கையில் நிதானம் வேண்டும். முழு வண்டியையும் மாற்றிக் கொடு என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2006இல் மாருதி உத்யோக் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், வாரண்டி பழுதான பாகத்தை மாற்றுவதற்குத்தான் என்றால் முழு வண்டியையும் மாற்றித் தர உத்தரவிட முடியாது என்று சொல்லியிருக்கிறது. பாகத்தை மாற்றுவது, அலைச்சலுக்கும் வண்டி நின்ற நாட்களுக்கும் இழப்பீடு, இது நடக்கக்கூடிய கோரிக்கை. இன்ஜினே திரும்பத் திரும்பச் சரியாகவில்லை என்றால்தான் வண்டிமாற்றோ பணமோ கேட்க வலு வரும்.

1915, அதற்குப் பிறகு ஆணையம்

கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பல கம்பெனிகள் இந்தக் கட்டத்தில் இறங்கி வந்துவிடும்.

அதிலும் ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டியைச் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருப்பது மதுரை என்றால் மதுரையிலேயே வழக்குப் போடலாம், 2019 சட்டம் கொடுத்த பெரிய வசதி இது. கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவும் பதியலாம். வக்கீல் கட்டாயம் இல்லை, ஆனால் எதிர்த்தரப்பில் வக்கீல் வருவார், இன்ஜின் மாதிரிப் பெரிய குறைக்கு ஒருவரை வைத்துக்கொள்வதே நல்லது. குறை தெரிந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும், "இதோ அதோ" என்று இழுத்தடிக்கும்போது இந்தத் தேதியை மறக்காதீர்கள்.

ஷோரூமை மட்டும் எதிர்த்தரப்பாகப் போடுவது பலரும் செய்யும் தவறு. தயாரிப்புக் குறை என்றால் தயாரிப்பாளரையும் சேர்க்க வேண்டும். குறை இருக்கிறது என்று காட்ட வேண்டியதும் நீங்கள்தான், அதனால் பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பச் சட்டத்தின் 38ஆம் பிரிவின் கீழ் மனுவிலேயே கேளுங்கள். பரிசோதனை இல்லாத வழக்குக்கு 3 மாதம், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதம் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாக இழுக்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வழக்கு நடக்கும்போது வண்டியின் குறையுள்ள பாகத்தைத் தொடாமல் அப்படியே வையுங்கள்.

ஒரே மாடலில் பலருக்கும் ஒரே குறை என்றால் அது ரீகால், அதாவது கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யும் விஷயமாகலாம். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 110ஏ பிரிவு அதற்கான அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கிறது. உங்கள் சேஸிஸ் நம்பருக்கு ரீகால் இருக்கிறதா என்று கம்பெனியின் தளத்தில் அவ்வப்போது பாருங்கள், இருந்தால் வாரண்டி முடிந்திருந்தாலும் இலவசமாகச் செய்வார்கள்.

வண்டி திரும்பி வந்ததும்

மாற்றிய பாகத்துக்குப் புதிதாக முழு வாரண்டி தொடங்குவதில்லை, பெரும்பாலும் பழைய வாரண்டியின் மிச்ச நாட்கள்தான். அதனால் முதல் சில நூறு கிலோமீட்டர் கவனமாகப் பாருங்கள், அதே இடத்தில் பவுடர் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.

எனக்கு யாரும் சொல்லாத ஒன்று கடைசியாக. இன்ஜின் நம்பர் கிராங்க் கேஸின் (இன்ஜினின் முக்கிய உறை) ஒரு பக்கத்தில்தான் பொறித்திருக்கும். அந்தப் பக்கக் கேஸை மாற்றினால் நம்பர் மாறும், அல்லது நம்பரே இல்லாத கேஸ் வரும். பாகத்தை மாற்றியதற்கான பில், கம்பெனியின் கடிதம் இரண்டையும் வாங்கி, உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் (மதுரையில் டிஎன் 58, 59, 64, உங்கள் வண்டி எதுவோ அதில்) ஆர்.சி.யில் மாற்றிக்கொள்ளுங்கள், அந்த ஆர்.சி.யை வைத்து இன்சூரன்ஸையும் திருத்துங்கள். அதுவரை கடிதத்தின் நகல் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். வழியில் சோதனையில் நிறுத்தி நம்பர் ஒத்துப்போகவில்லை என்றால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.